'ரெய்டு' போட்டும் காணாமல் போகுதா கல்யாண ஆல்பம்? - அந்த முதல் க்ளிக்கில் உஷார்!

'ரெய்டு' என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது வருமான வரித்துறைதான். புதுச்சேரியில் போட்டோ ஸ்டூடியோ, வீடியோ எடிட்டிங் என்று தொழில் செய்பவர்களுக்கோ, இதே வார்த்தை மேஜைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரைத்தான் ஞாபகப்படுத்தும். இரண்டு, மூன்று ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒரே டிஸ்க்போல வேலை செய்யவைக்கும் ஏற்பாட்டுக்கும் ரெய்டு என்றுதான் பெயர்.

ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் கல்யாண ஜோடிகளின் போட்டோஷூட் நடக்காத வாரமே இல்லை என்று சொல்லிவிடலாம். அங்கே எடுக்கும் படங்களும், மண்டபத்தில் எடுக்கும் வீடியோக்களும் கடைசியில் போய்ச் சேரும் இடம் இந்த டிஸ்க்குகள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ பதிவு செய்யும் ஒரு கேமரா, ஒரு மணி நேரத்தில் 45 ஜி.பி இடத்தைப் பிடிக்கும். மூன்று கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 810 ஜி.பி. ஒரே ஒரு கல்யாணத்துக்கு, அதுவும் வீடியோவுக்கு மட்டும்!

இவ்வளவையும் ஒற்றை டிஸ்க்கை நம்பி வைக்க யாருக்குத்தான் தைரியம் வரும்? அதனால் பல ஸ்டூடியோக்காரர்கள், வீட்டிலேயே எடிட் செய்பவர்கள், குடும்பப் படங்களைச் சேர்த்து வைப்பவர்கள் எல்லாம் மதர்போர்டிலேயே கிடைக்கும் ரெய்டு வசதியைப் பயன்படுத்துகிறார்கள். தனியாக கார்டு வாங்க வேண்டாம், கூடுதல் செலவு இல்லை. பயாஸில் ஓர் இடத்தில் மாற்றிவிட்டால் போதும்.

சிக்கல் வருவது சில வருடங்கள் கழித்து. ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், 'டி' டிரைவ் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அல்லது டிரைவ் தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை. விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்கிற மாதிரி பவ்யமாகக் கேட்கும்.

அந்த நிமிடத்தில், பல நேரங்களில், படங்கள் எல்லாம் டிஸ்க்குக்குள் பத்திரமாகவே இருக்கின்றன. நிஜமான ஆபத்து, பதற்றத்தில் நாம் அழுத்தும் முதல் க்ளிக்கில்தான் ஆரம்பிக்கிறது. தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது என்பதால், எதையும் அழுத்துவதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே கணக்கு, இரண்டு நோட்டு

ரெய்டு என்ற பெயர் 1987-ல் வந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பெரிய கம்ப்யூட்டர்களுக்கான விலை உயர்ந்த ஒற்றை டிஸ்க்குக்குப் பதிலாக, விலை மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பதுதான் அதன் சாரம். ஆனால், டிஸ்க்குகளின் எண்ணிக்கை கூடக் கூட, அதில் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடுமே? அதற்காகத்தான் ஒன்று கெட்டாலும் மற்றவை சமாளிக்கும் முறைகளை வகுத்தார்கள். 'மலிவான டிஸ்க்குகளின் உபரி அணிவரிசை' என்பதே அந்த ஆங்கிலப் பெயரின் பொருள். 'மலிவான' என்ற சொல் வியாபாரத்துக்கு ஒத்துவராது என்பதாலோ என்னவோ, பிற்பாடு அந்த இடத்தில் 'தனித்தனியான' என்று பொருள்படும் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டு மதர்போர்டில் நாம் சந்திப்பது மூன்று, நான்கு வகைதான். ஒரு மளிகைக்கடையின் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ரெய்டு 1 என்றால் ஒரே கணக்கை இரண்டு நோட்டில் எழுதுவது. ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கிறது. ரெய்டு 0 என்றால் முதல் பக்கத்தை இந்த நோட்டிலும் அடுத்த பக்கத்தை அந்த நோட்டிலும் மாற்றி மாற்றி எழுதுவது. இரண்டு பேர் எழுதுவதால் வேகம் அதிகம். ஆனால் ஒரு நோட்டு தொலைந்தாலும் மொத்தக் கணக்கும் போச்சு. பூஜ்யம் என்று பெயர் வைத்ததே, அதில் பாதுகாப்பு பூஜ்யம் என்று எச்சரிக்கத்தான் என நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ரெய்டு 5-க்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். ஒன்றில் 7, ஒன்றில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12 என்று எழுதிவைப்பதுபோல. 5 எழுதிய நோட்டு காணாமல் போனால், 12-ல் இருந்து 7-ஐக் கழித்து மீட்டுவிடலாம். (நிஜத்தில் நடப்பது கூட்டல் இல்லை, அதுபோன்ற வேறொரு கணக்கு.) நான்கு டிஸ்க்குகளில் 0, 1 இரண்டையும் கலந்து செய்வது ரெய்டு 10.

ஜாதகம் டிஸ்க்கில், சாவி பயாஸில்

பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் ரெய்டுக்கென்றே தனி கார்டு இருக்கும். அதற்குச் சொந்த பிராசஸர், சொந்த மெமரி. மதர்போர்டில் வரும் ரெய்டு அப்படியல்ல. எந்த டிஸ்க்கில் எதை எழுதுவது என்ற வேலையை எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரின் பிராசஸரும், விண்டோஸில் போட்டிருக்கும் டிரைவர் மென்பொருளும்தான் செய்கின்றன. இன்டெல் போர்டில் இதற்கு 'ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி' என்று பெயர். ஏ.எம்.டி போர்டில் 'ரெய்டு எக்ஸ்பர்ட்'.

இந்த டிஸ்க் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, வரிசையில் எத்தனையாவது, எந்த வகை ரெய்டு என்ற விவரங்கள் மதர்போர்டில் இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சின்ன இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. இன்டெல்லில் அது டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் இருக்கும். அதாவது, டிஸ்க் தன் ஜாதகத்தைத் தானே சுமந்துகொண்டு திரிகிறது. அந்த ஜாதகத்தைப் படிக்க வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரே ஒரு முடிவுதான் பயாஸிடம் இருக்கிறது. அங்கே 'சாட்டா மோட்' என்ற இடத்தில் 'ரெய்டு' என்று இருந்தால் படிக்கும். 'ஏ.ஹெச்.சி.ஐ' என்று இருந்தால், அவற்றைத் தனித்தனி டிஸ்க்காகவே நடத்தும்.

சமீபகால இன்டெல் போர்டுகளில் இந்த இடத்தில் 'வி.எம்.டி' என்று ஒரு சுவிட்சும் இருக்கும். அது அணைந்திருந்தாலும் ரெய்டு கண்ணில் படாது. பழைய போர்டுகளில் ஆன் செய்ததும் 'கன்ட்ரோல்', 'ஐ' இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் ரெய்டு பட்டியல் வரும். இப்போது வரும் போர்டுகளில் அது பயாஸ் மெனுவுக்குள்ளேயே ஒரு பக்கமாகப் போய்விட்டது. "அந்தத் திரையே வரவில்லை" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

வில்லன் ஒரு காசு பேட்டரி

ரெய்டு திடீரென்று மறைந்துபோவதற்கு, சந்தேகப்பட வேண்டிய முதல் ஆசாமி மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பேட்டரி. சி.ஆர். 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடவைப்பது இதுதான். பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகள் நிலைத்திருப்பதும் இதன் தயவில்தான். சில வருடங்களில் இது தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு ஒருமுறை கரன்ட் போய் வந்தால் போதும், பயாஸ் தன் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். பெரும்பாலான போர்டுகளில் அந்தத் தொழிற்சாலை அமைப்பு, ஏ.ஹெச்.சி.ஐ.

கரன்ட் போய் வருவது என்ன, நமக்குப் புதுசா? புயல், மழை என்றால் கேட்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ம் தேதி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயலின்போது நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை இந்தப் பகுதி மறந்திருக்காது.

பேட்டரிதான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னோக்கிப் போயிருக்கும். ஆன் செய்யும்போது பயாஸ் அமைப்புகள் மாறிவிட்டதாகச் சொல்லி, 'எஃப் 1' அழுத்தச் சொல்லும். இப்படி இருந்தால், மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புது பேட்டரியைப் போட்டு, பயாஸுக்குள் போய் சாட்டா மோடை மறுபடி ரெய்டுக்கு மாற்றிச் சேமித்தால், பல நேரங்களில் எல்லாமே பழையபடி வந்து நிற்கும். சில பத்து ரூபாய் செலவில் முடிகிற காரியம்.

பயாஸ் அப்டேட் செய்த பிறகும் இதே கதை நடக்கும். அதனால் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். நாளை குழப்பம் வந்தால், எது எப்படி இருந்தது என்று ஒப்பிட அதுவே ஆதாரம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கம்ப்யூட்டரில் முன்பு ரெய்டு இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இந்த மாற்றத்தைச் செய்யுங்கள். இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்து மாற்றினால், விண்டோஸே நீலத்திரை காட்டி நின்றுவிடலாம். 'பிட்லாக்கர்' பூட்டு போட்டிருந்தால், பயாஸில் கைவைத்ததும் மீட்பு எண் கேட்கும் வாய்ப்பும் உண்டு. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்குங்கள்.

இரட்டைப் பிள்ளைகள் பிரிந்தால்...

பேட்டரி போனதால் ரெய்டு 1-ல் வரும் ஒரு சிக்கல் மிகவும் நைச்சியமானது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ரெய்டு 0, 5 வகைகளில் டிஸ்க்கைத் தனியாகப் பார்த்தால் குப்பைபோலத் தெரியும் என்பதால், ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று உடனே புரிந்துவிடும். ஆனால் ரெய்டு 1-ல் இரண்டு டிஸ்க்கிலும் இருப்பது அதே படங்கள்தான். ஏ.ஹெச்.சி.ஐ-க்கு மாறினாலும், ஒன்று வழக்கம்போலத் திறந்துவிடும். இன்னொன்றை, 'இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருக்கிறதே' என்று விண்டோஸ் ஓரமாக ஒதுக்கி வைத்துவிடக்கூடும். பயன்படுத்துபவருக்கு எதுவும் மாறிய மாதிரியே தெரியாது.

ஒரு வாரம் அப்படியே வேலை நடக்கிறது. புதிய கல்யாணப் படங்கள் எல்லாம் ஒரு டிஸ்க்கில் மட்டுமே போய்ச் சேர்கின்றன. பிறகு யாரோ ஒருவர் கவனித்து, ரெய்டு மோடுக்குத் திருப்பி மாற்றிவிடுகிறார். இரண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்று நம்பிக்கொண்டு, டிரைவர் இதிலிருந்து கொஞ்சம், அதிலிருந்து கொஞ்சம் என்று படிக்க ஆரம்பிக்கும். இரண்டு கணக்குப்பிள்ளைகள் வேறு வேறு கணக்கை எழுதிவிட்டு ஒரே கணக்காக வாசித்தால் என்ன ஆகுமோ, அதுதான் நடக்கும். இங்கே செய்ய வேண்டியது, மோடை மாற்றுவதற்கு முன்பே, புதிய படங்கள் இருக்கும் டிஸ்க்கில் இருந்து எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேபிளா, டிஸ்க்கா?

ரெய்டு பட்டியலில் 'டிகிரேடட்' என்று வந்தால், ஒரு டிஸ்க் கூட்டத்தில் இருந்து கழன்றுவிட்டது, மீதி சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே புது டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். கடலோர ஊரில் உப்புக்காற்று உலோக முனைகளைச் சும்மா விடாது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைக் காட்டும். அதில் 'சி 7' என்று குறிக்கப்பட்ட எண் ஏறிக்கொண்டே போனால், சந்தேகம் கேபிள் மேல். '05', 'சி 5' வரிகளில் எண்ணிக்கை ஏறினால், டிஸ்க்கின் தட்டே தேய ஆரம்பித்துவிட்டது. டிஸ்க்கில் இருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொரு வேடிக்கையான காரணமும் உண்டு. கம்ப்யூட்டர் வேகமாக வேண்டும் என்று புதிதாக ஒரு எம்.2 எஸ்.எஸ்.டி வாங்கி மாட்டுவார்கள். மறுநாள் ரெய்டில் ஒரு டிஸ்க்கைக் காணோம்! பல போர்டுகளில் எம்.2 இடமும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றில் வண்டி ஓடினால் மற்றது மூடிவிடும். மதர்போர்டு கையேட்டில் இது சின்ன எழுத்தில் இருக்கும். டிஸ்க்கை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் கதை முடிந்தது.

டிஸ்க் நிஜமாகவே கெட்டுவிட்டதா? அப்போதுதான் நிதானம் அதிகம் வேண்டும். கெட்டதற்குப் பதில் நல்லதைக் கழற்றிவிடுவது, ரெய்டு விபத்துகளில் அதிகம் கேள்விப்படுகிற ஒன்று. ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஒரு சீரியல் எண் இருக்கும். ரெய்டு பட்டியலிலும் அதே எண் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டு, டேப் ஒட்டி, எந்தக் கேபிள் எதில் இருந்தது என்று படம் எடுத்த பிறகே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுங்கள்.

புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ, பெரியதாகவோ இருக்க வேண்டும். அதை மாட்டி, 'ரீபில்ட்' கொடுத்தால் விட்டுப்போன டிஸ்க்கின் தகவல் முழுவதும் மறுபடி எழுதப்படும். 4 டி.பி டிஸ்க், விநாடிக்கு 150 எம்.பி வேகம் என்று வைத்துக்கொண்டால், இடைவிடாமல் எழுதினாலே 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் வேலையும் பார்த்தால் இன்னும் இழுக்கும். யு.பி.எஸ் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

ரீபில்ட் ஓடும் அந்த நேரம்தான் ரெய்டுக்கே பலவீனமான நேரம். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே வயதுக்காரர்கள். ஒன்றுக்கு உடம்பு முடியாமல் போகும்போது மற்றதற்கும் வயதாகியிருக்கும். அதன் மேல் மணிக்கணக்கில் முழு வேலையும் விழுகிறது. ரெய்டு 5-ல் இது இன்னும் மோசம். மீதி இருக்கும் எல்லா டிஸ்க்குகளையும் முதலில் இருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். சாதாரண டிஸ்க்குகளில் பலவற்றுக்கு, சுமார் 12.5 டி.பி படித்தால் ஒருமுறை படிக்க முடியாத இடம் வரலாம் என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. அதனால், 'டிகிரேடட்' என்று பார்த்ததும் ரீபில்ட் பட்டனைத் தேடாமல், இப்போது திறக்கும் முக்கியமான ஃபைல்களை முதலில் வெளியே நகல் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

டிஸ்க் வாங்கும்போதும் ஒரு விஷயம் கேளுங்கள். ஓடு வேய்ந்த மாதிரி ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறி உட்காரும் 'எஸ்.எம்.ஆர்' வகை டிஸ்க்குகள் ரீபில்டின்போது திணறும். 2020-ல், ரெய்டுக்கென்றே விற்கப்பட்ட சில மாடல்களும் இந்த வகைதான் என்று தெரியவந்து, உலக அளவில் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 'சி.எம்.ஆர்' என்று கேட்டு வாங்குங்கள்.

மதர்போர்டே போய்விட்டால்?

இதற்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில், டிஸ்க்குகள் நன்றாக இருந்தால் இது அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஜாதகம் டிஸ்க்கிலேயே இருக்கிறதே! இன்டெல் ரெய்டை, அதே வசதி உள்ள இன்னோர் இன்டெல் போர்டில் மாட்டி, மோடை ரெய்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்ளும். லினக்ஸில் இருக்கும் 'எம்.டி ஆட்மின்' என்ற கருவியும் இன்டெல்லின் ஜாதகத்தைப் படிக்கும். ஆனால் இன்டெல் டிஸ்க்குகளைக் கொண்டுபோய் ஏ.எம்.டி போர்டில் மாட்டி எதிர்பார்க்கக் கூடாது. தெலுங்கு தெரியாதவரிடம் தெலுங்கு ஜாதகத்தைக் கொடுத்த கதைதான்.

இந்த மாதிரி நேரங்களில் எந்தப் போர்டிலும் கை போகக் கூடாத இடங்கள் சில உண்டு. விண்டோஸ் 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று கேட்டால் 'கேன்சல்'. 'ஃபார்மேட்' என்று கேட்டால் 'கேன்சல்'. 'செக் டிஸ்க்' ஓட்டட்டுமா என்று கேட்டாலும் வேண்டாம். டிஸ்க்குகள் தப்பான வரிசையில் கோக்கப்பட்டிருந்தால், 'சரி செய்கிறேன்' என்று நல்ல ஃபைல்களையும் அது சின்னாபின்னம் ஆக்கிவிடும். ரெய்டு மெனுவில் 'டெலீட்', 'ரீசெட் டு நான் ரெய்டு' என்றிருக்கும் வரிகள், அந்த ஜாதகத்தையே கிழித்துப்போடுபவை. பழைய ரெய்டை அழித்துவிட்டு அதே அளவில் புதிதாக உருவாக்கினால் படங்கள் திரும்பி வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. வந்திருக்கலாம். நகல் எடுக்காத டிஸ்க்கில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

வெர்சாய்க்குப் போன மூன்றாவது நகல்

இத்தனையும் சரியாகச் செய்தாலும், ரெய்டு உங்களைக் காப்பாற்றுவது டிஸ்க் கெட்டுப்போகும் ஒரு சந்தர்ப்பத்தில் இருந்து மட்டும்தான். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். பணம் பறிக்கும் வைரஸ் வந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். எஸ்.எம்.பி.எஸ் வெடித்தால் இரண்டுக்கும் ஒரே கரன்ட். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் சுமார் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தெருவில் படகு விட்டு ஆட்களை மீட்ட அந்த நாளில், தரைத்தளத்தில், மேஜைக்கு அடியில் இருந்த கேபினெட்டுக்குள் எத்தனை டிஸ்க் இருந்திருந்தால் என்ன?

இந்த விஷயத்தில் புதுச்சேரிக்கு 250 வருடப் பாடம் ஒன்று இருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார்கள். 1776 ஜூன் மாதம் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. காலனிகளில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்கு உள்ளூரில் வைப்பவை போக இன்னொரு நகலும் எழுதி, வெர்சாய் நகரில் அதற்கென்றே அமைத்த காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று. கரையானும் ஈரமும் போரும் உள்ள ஊர்களில் காகிதம் நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கப்பலில் கடல் கடந்து போன அந்த நகல்கள் இன்று தெற்கு பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறாண்டைக் கடந்த பதிவுகள் பலவற்றை, புதுச்சேரியில் உட்கார்ந்தபடி போனிலேயே பார்க்கலாம். முப்பாட்டனின் கல்யாணப் பதிவை அப்படித் தேடி எடுக்கும் வசதி இந்த ஊர்க் குடும்பங்களுக்கு இருப்பது, அந்தத் தூரத்து நகலால்தான்.

செயின்ட் லூயிஸ் தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் புகைப்படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டல் நகல் எடுக்கும் பணியை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு செய்திருக்கிறது. அங்கேயும் இதே தர்க்கம்தான்: படம் ஓர் இடத்தில், நகல் இன்னோர் இடத்தில்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ இதை '3-2-1' என்று சுருக்கிச் சொன்னார். மூன்று நகல், இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். நம் 810 ஜி.பி கல்யாண வீடியோவை விநாடிக்கு 50 மெகாபிட் அப்லோடு வேகத்தில் இணையத்தில் ஏற்ற 36 மணி நேரம் ஆகும். அதனால், முடித்துக்கொடுத்த ஆல்பமும் பொறுக்கி எடுத்த படங்களும் இணையச் சேமிப்பில், மொத்த வீடியோவும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் திருச்சியில் இருக்கும் அத்தை வீட்டு பீரோவில் என்று பிரித்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கிறதே என்று விழுப்புரத்தில் வைக்க வேண்டாம். அதே ஃபெஞ்சலில் அந்த மாவட்டமும் வெள்ளத்தில் தத்தளித்தது.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆல்பமும் ஒரு பென் டிரைவும் வந்ததோடு பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டூடியோக்காரர் உங்கள் முழு அளவு படங்களை எத்தனை மாதம் வைத்திருப்பார் என்று முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். சொந்தமாக ஒரு டிஸ்க் வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே நான்கைந்து படங்களையும் வீடியோவையும் திறந்து பாருங்கள்.

மீட்புக் கடைக்குப் போகும் முன்

எதுவும் பலிக்காமல் மீட்பு நிபுணரிடம் போக வேண்டியிருந்தால், அவர் முதலில் செய்வது ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுத்து, அந்த நகலில் வேலை பார்ப்பதாக இருக்க வேண்டும். "நேராக டிஸ்க்கிலேயே பார்த்துடலாம்" என்றால், வேறு கடையைப் பாருங்கள். 'ஆர் ஸ்டூடியோ', 'யு.எஃப்.எஸ் எக்ஸ்ப்ளோரர்' போன்ற மென்பொருள்கள், ரெய்டின் வரிசையைத் தாமே ஊகித்து படங்களை வெளியே எடுக்கக்கூடியவை. அதற்கும் முடிந்தவரை எல்லா டிஸ்க்கும் இருப்பது நல்லது. கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்த டிஸ்க்கில் இருப்பது அடுத்த வீட்டுப் பெண்களின், குழந்தைகளின் படங்கள் என்பதால், வேலை முடிந்ததும் கடையில் இருக்கும் நகலை அழித்துவிட வேண்டும் என்பதையும் எழுத்திலேயே கேளுங்கள்.

என்ன நடந்தது, யார் எதை அழுத்தினார்கள் என்று வெட்கப்படாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்பார்களே, அதேதான். கெட்டுப்போனது என்று ஆறு மாதம் முன்பு கழற்றி அலமாரியில் போட்ட டிஸ்க் இருந்தால், அதையும் எடுத்துப்போங்கள். எந்தத் தேதியில் கழற்றியது என்று ஒரு டேப்பில் எழுதி, அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள்.